கட்டுக்கம்பி

அந்தச் சலவை ஆலையில் ஒரு நாளைக்கு நாலாயிரம் படுக்கை விரிப்புகள் வெளுத்தன. பாதி ஓட்டல்களிலிருந்து வரும், பாதி ஆஸ்பத்திரிகளிலிருந்து. மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போதே பெண்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்றில் சென்ட் வாசனை, இன்னொன்றில் மருந்து வாடை. ஆனால் இரண்டும் ஒரே தொட்டியில் ஊறி, ஒரே சோப்பில்தான் வெளுத்தன. இஸ்திரி உருளைக்குள் போய் அந்தப் பக்கம் வந்து விழும்போது எது தேனிலவுப் படுக்கை, எது சாவுப் படுக்கை என்று எவளாலும் சொல்ல முடியாது.

உருளை என்பது படுக்க வைத்த இரண்டு பெரிய இரும்புக் குழாய்கள். உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் ஒரு மூலையை இந்தப் பக்கம் ஒருத்தியும் அடுத்த மூலையை அந்தப் பக்கம் ஒருத்தியும் பிடித்து, வெடுக்கென்று உதறிச் சுருக்கம் எடுத்து, இரண்டு குழாய்களுக்கும் நடுவே கொடுக்க வேண்டும். அப்புறம் அதுவே இழுத்துக்கொள்ளும். அந்த வாய்க்கு முன்னால் குறுக்காக ஒரு மெல்லிய சட்டம் இருந்தது. விரல்தடுப்பு என்பார்கள். விரல் பட்டால் சட்டம் மேலே தூக்கும், உருளை நின்றுவிடும்.

சிக்கல் என்னவென்றால் சட்டத்துக்கு விரலும் தெரியாது, துணியும் தெரியாது. விரிப்பு கொஞ்சம் மடிந்து தடித்துப் போனாலும் தூக்கிக்கொள்ளும். உருளை நின்ற இடத்தில் துணியில் பழுப்புக் கோடு விழும். அந்த விரிப்பை மறுபடி தொட்டிக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை இப்படி நின்றது. அன்றைய கணக்கு முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெண்கள் சட்டத்தைத் திட்டினார்கள். மேனேஜர் மெக்கானிக்கைத் திட்டினார்.

மெக்கானிக் அங்கே பதினோரு வருஷமாக இருந்தான். சட்டத்தின் சுவிட்சை மாற்றினால் சரியாகிவிடும், எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிறது என்று சொல்லிப் பார்த்தான். வரும்போது வரும், அதுவரைக்கும் ஏதாவது செய் என்றார் மேனேஜர். என்ன செய்யச் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் அவன் கட்டுக்கம்பியை எடுத்து, சட்டத்தின் இரண்டு முனைகளையும் அசையாமல் முறுக்கிக் கட்டினான். மறுநாள் உருளை ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெண்கள் நாலரை மணிக்கே கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். அவனைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவர்களில் சின்னவளும் ஒருத்தி.

சின்னவள் அவன் மனைவியின் தங்கை. பன்னிரண்டு வயதில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவள். இப்போது இருபத்தாறு. ஆலையில் அவளைச் சேர்த்துவிட்டதே மெக்கானிக்தான். இரண்டு அறை வீட்டில் அவர்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், இவள். அக்காவான பெரியவள் வீட்டிலேயே தையல் கம்பெனிச் சட்டைகளுக்குப் பிசிர் வெட்டிக் கொடுத்தாள். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் நூல் ஒட்டும்.

கம்பி கட்டிய மூன்றாவது மாதம், விடாமல் மழை பெய்த வாரத்தில் அது நடந்தது. உலர்த்தி ஒன்று பழுதாகி, விரிப்புகள் சொட்டச் சொட்ட வந்தன. ஓர் ஆஸ்பத்திரி விரிப்பின் ஓர மடிப்பு பிரிந்து தொங்கியதைச் சின்னவள் கவனிக்கவில்லை. அந்த மடிப்புக்குள் விரல் மாட்டிக்கொண்டது. துணியோடு கையும் போனது. அந்தப் பக்கம் மூலை பிடித்தவளை நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் அலறிய அலறல் கொதிகலன் அறை வரை கேட்டது. முதலில் ஓடிவந்தவன் மெக்கானிக். சுவிட்சை அடித்து நிறுத்தி, கைப்பிடியைப் போட்டு உருளையைப் பின்னோக்கிச் சுற்றி, அவள் கையை வெளியே எடுத்தவனும் அவன்தான். சின்னவள் கத்தவே இல்லை. துணியைப் பார்த்து, “கறை ஆயிடுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

அவளை வேனில் ஏற்றினார்கள். அவனும் ஏறப் போனான். மேனேஜர் அவன் தோளைத் தொட்டு, “நீ இரு. அந்தக் கம்பியை எடுத்துட்டு வா” என்றார். அவன் ஏன் எடுத்தான் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவனுக்கே பதில் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவர் எடு என்றால் எடுத்தான், மாட்டு என்றால் மாட்டினான். கை தானாகக் கட்டிங் பிளேயரை எடுத்தது. வெட்டிய கம்பியைக் கழிவுநீர் வாய்க்காலில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கட்டை விரலைத் தவிர வலது கையில் எதையும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டத்தில் ஒரு மரக்குச்சியை வைத்துப் பார்த்தார். சட்டம் தூக்கியது, உருளை நின்றது. இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார். நெட்டையைக் கேட்டார்கள். அவள் தன் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆலையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவையும் மூன்று மாதச் சம்பளத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. பெரியவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கையெழுத்துப் போடாதே என்றாள். பிசிர் வெட்டும் சட்டைகளைக் கொண்டுவந்து போடுகிறவர் ஒரு வக்கீலம்மாவின் விலாசம் கொடுத்தார்.

வக்கீலம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மூட்டுவலிக்காரி. நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசினாள். சின்னவளின் கைக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை. எல்லாக் காகிதங்களையும் படித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள்.

“தடுப்பு சரியா இருந்தா கை உள்ள போயிருக்காது. ஆனா கை போயிருக்கு. நாலு நாள் கழிச்சு இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்த்தா தடுப்பு சரியா இருக்கு. நடுவுல என்ன நடந்ததுன்னு நீதான் சொல்லணும்மா.”

“கம்பி போட்டுக் கட்டியிருந்தது” என்றாள் சின்னவள்.

“யார் கட்டினது?”

“தெரியலை.”

“அவிழ்த்தது?”

“நான்தான் ஆஸ்பத்திரியில இருந்தேனே.”

வக்கீலம்மா நிதானமாக விளக்கினாள். உன் கவனக்குறைவால் போனது என்றால் அவர்கள் பார்த்துப் போடுவதுதான். தடுப்பு கட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தே வேலை வாங்கினார்கள் என்றால் அது அவர்களின் அலட்சியம். அப்போது போன கைக்கு மட்டுமில்லை, அந்தக் கை அறுபது வயது வரை செய்திருக்கக்கூடிய வேலைக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் நாள் ஆக ஆகச் சாட்சிகளுக்கு மறதி வந்துவிடும்.

“கம்பி இருந்ததுன்னு நீ சொன்னா அது புகார். இன்னொருத்தர் சொன்னாத்தான் அது சாட்சி. அப்படி ஒருத்தரைத் தேடிக் கொண்டுவாங்க.”

பஸ்ஸில் பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பி என்ற பேச்சையே அன்றுதான் அவள் கேட்டாள். யார் கட்டினது என்று தங்கையைக் கேட்டாள். சின்னவள் டிக்கெட்டைத் தேடுவதுபோல இடது கையால் பையைத் துழாவினாள். டிக்கெட் பெரியவளின் கையில்தான் இருந்தது. அந்த ஆலையில் கம்பியும் பிளேயரும் வைத்திருப்பவன் ஒரே ஒருத்தன்தான் என்பது இரண்டு நிறுத்தம் தள்ளி அவளுக்கு உறைத்தது. 

ஒன்பது நாள் அவள் புருஷனை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிள்ளைகளை அடித்தாள். அடித்துப் பழக்கமில்லாதவள். அவன் வேலைக்குப் போனான், வந்தான். ஆலையில் புதிதாக ஒருத்தியை உருளைக்குப் போட்டிருந்தார்கள். விபத்து நடந்த மூன்றே நாளில் புது சுவிட்ச் வந்துவிட்டது. அதை அவன்தான் மாட்டினான். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். குளியலறைக்குப் போன சின்னவள் வெகுநேரம் வரவில்லை என்று பெரியவள் கதவைத் தள்ளினாள். தங்கை தன் உள்பாவாடையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இடது கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். முறுக்கு பாதியில் விட்டுவிட்டுப் போனது. மறுபடி குனிந்து மிதித்தாள். பெரியவள் அதை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, டேபிள் பேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க கட்டினதுதானே?”

அவன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். “ஆமா.”

“அவிழ்த்ததும்?”

“ஆமா.”

சின்னவள் ஈரக் காலோடு ஓடிவந்தாள். “மாமா மேல தப்பு இல்லைக்கா. மேனேஜர் சொல்லித்தான் கட்டினார். கட்டின மறுநாள் நாங்க எல்லாரும் சந்தோஷமாக் கை தட்டினோம்.”

“கை தட்டினியா? எங்க, இப்ப தட்டு பார்ப்போம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.   பெரியவள் சட்டை மூட்டையின்மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, விடுக்கா, கோபத்துல வந்தது, விடு என்று அவள் முதுகைத் தடவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவள் சொன்னாள்:

“போய்ச் சொல்லிடுங்க.”

சின்னவள் வேண்டாம் என்றாள். வேலை போய்விடும், பிள்ளைகள் படிக்கிறார்கள், எனக்கு இடது கை இருக்கிறது, பழகிக்கொள்வேன் என்று என்னென்னவோ சொன்னாள்.

“வேலைதானே போகும்? போகட்டும்” என்றாள் பெரியவள்.

வேலை போவதுதான் ஆகக்கூடிய கஷ்டம் என்று அந்த வீட்டில் மூவருமே நினைத்திருந்தார்கள்.

அவனும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவனுக்கு அன்றைக்குத்தான் சரியாகப் பசித்தது. மறுவாரம் வக்கீலம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சந்தோஷப்படவில்லை. மேனேஜர் சொன்னதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா, கூட யாராவது கேட்டார்களா என்று கேட்டாள். இல்லை. அவர்கள் உங்கள் பக்கம் திருப்பிவிடப் பார்ப்பார்கள், வேலையோடு நிற்காமல் போகலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். அது அவன் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. உண்மையைச் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பே அவனுக்குப் பெரிய பலமாக இருந்தது.

நஷ்டஈடு கேட்டு வக்கீலம்மா போட்ட மனுவின் விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. விசாரித்த அதிகாரிக்குச் சளி. நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டார். மெக்கானிக் எழுந்து நின்று, எந்த நாள் கட்டினேன், எந்தக் கம்பியால் கட்டினேன், எப்போது வெட்டினேன், எங்கே போட்டேன் என்று தடங்கலில்லாமல் சொன்னான். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வக்கீல் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு நீளமான பதிவேட்டை எடுத்தார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா.”

“இது?”

“ஆமா.”

பதினோரு கையெழுத்து. வருஷத்துக்கு ஒன்று. ‘பாதுகாப்புச் சாதனங்களை எக்காரணம் கொண்டும் மாற்றவோ நீக்கவோ மாட்டேன், மீறினால் நானே பொறுப்பு’ என்று மேலே அச்சடித்திருந்ததை வக்கீல் உரக்கப் படித்தார்.

“இதைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரத்துல நீட்டுவாங்க சார்.”

“படிச்சீங்களா, இல்லையா?”

“இல்லை.”

“மேனேஜர் கட்டச் சொன்னதுக்கு என்ன ஆதாரம்?”

“அவரே இங்கதான் இருக்கார். அவரைக் கேளுங்க சார்.”

கேட்டார்கள். மேனேஜர் எழுந்து, தான் அப்படிச் சொல்லவில்லை, சுவிட்சுக்கு எழுதிப் போட்டிருந்தோம், அதற்குள் இவர் சொந்தமாக இப்படிச் செய்வார் என்று தெரியாது என்றார். சொல்லும்போது அவர் குரலும் நன்றாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வேலை நீக்கக் கடிதம் மூன்றாம் நாள் தபாலில் வந்தது. அதை எதிர்பார்த்திருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் போலீஸ்காரர் ஒருவர் படியேறி வந்தார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. இயந்திரத்தின் பாதுகாப்பைத் தன்னிச்சையாக நீக்கி, ஒரு தொழிலாளியின் கை போகக் காரணமாயிருந்து, பிறகு தடயத்தையும் அழித்ததாக ஆலை புகார் கொடுத்திருந்தது. போலீஸ்காரர் நல்ல மனுஷன். வாசலில் நின்றபடி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாதிக்கப்பட்டவங்களுக்கும் எதிரிக்கும் ஒரே கதவு எண் போட்டிருக்கு. டைப் பண்ணினவன் தப்பாப் போட்டுட்டானா?”

“இல்லை சார், சரிதான்” என்றாள் சின்னவள். அவரை உட்காரச் சொல்லி டீ போட உள்ளே போனாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவள் ஒற்றைக் கையில் கொண்டுவந்து நீட்டிய டீயைக் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டார்கள்.

வக்கீலம்மா எதையும் மறைக்கவில்லை. சட்டப்படி ஆலை தப்ப முடியாது. அவர்கள் ஆள் அவர்கள் வேலையில் செய்தது அவர்கள் தலையில்தான் விடியும். கடைசியில் நாம் ஜெயிப்போம். ஆனால் கடைசி என்பது ஆறு வருஷமோ ஏழு வருஷமோ. ஒவ்வொரு படியிலும் அவர்கள் மேலே போவார்கள். அதுவரை இவர் மேல் கிரிமினல் வழக்கு நடக்கும். இவரே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டதால் தண்டனை வர வாய்ப்பு அதிகம்.

“அந்த வழக்குல முதல் சாட்சி நீதாம்மா. கூண்டுல ஏறி, இவர் கட்டினதாலதான் என் கை போச்சுன்னு நீதான் சொல்லணும்.”

கம்பெனி வக்கீல் நேற்று போன் பண்ணினார் என்பதையும் சொன்னாள். இந்தப் பெண் மனுவை வாபஸ் வாங்கினால் அவர்கள் புகாரை மேற்கொண்டு நடத்தமாட்டார்கள். முதலில் நீட்டிய அதே காகிதம்தான். மூன்று மாதச் சம்பளம் ஆறு மாதமாகியிருக்கிறது. இதை ஒத்துக்கொள் என்று நான் சொல்லமாட்டேன், ஒத்துக்கொள்ளாதே என்றும் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்றாள்.

வீட்டில் மெக்கானிக் உறுதியாக இருந்தான். வாபஸ் வாங்கக் கூடாது, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ உள்ளே இருந்துவிட்டு வருகிறேன், கட்டினது நான்தானே என்றான். பிள்ளைகளுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். பெரியவள் இந்தத் தடவை போங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடியில் சட்டையை வைத்துக்கொண்டு பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்டிய வேகத்தில் ஒரு காலரையே கத்தரித்துவிட்டாள். அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சின்னவள் அக்காவையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி வக்கீலம்மாவிடம் போனாள்.

விசாரணை நடந்த அதே அலுவலகத்தில் கொடுத்த வாபஸ் மனுவில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சின்னவள் அதற்கு முன்னால் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் எழுதப் பழகியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகச் சாய்ந்து விழும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, குடும்ப நலன் கருதி என்று எழுதும்மா, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க என்றார். அவள் அதையே எழுதினாள். அதிகாரி, யாராவது மிரட்டினார்களா, சொந்த விருப்பத்தில்தான் வாங்குகிறாயா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆமாம் என்றாள். எந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. வக்கீலம்மா படியிறங்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்ததும் பீஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வேறொருத்தரிடம் போனாள்.

புகார் கிடப்பில் போடப்பட்டது. வாபஸ் ஆனது என்று எந்தக் காகிதமும் வரவில்லை. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள்.

வேறு எந்த ஆலையிலும் அவனைச் சேர்க்கவில்லை. மெக்கானிக்குகளுக்குள் பேச்சு வேகமாகப் பரவும். காட்டிக்கொடுத்தவன் என்று சிலர் சொன்னார்கள், கையை வாங்கினவன் என்று சிலர் சொன்னார்கள். மொத்தச் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கப் போனான். நாற்பத்து மூன்று வயதில் புதிதாக மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் போவது இடுப்பு. விடியலில் போய் மூன்று மணிக்கு வருவான். எல்லாரும் சாப்பிட்டு முடிந்த நேரமாகப் பார்த்து வருவான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏதோ வேலையென்று வெளியே போய்விட்டு அதே நேரத்துக்கு வருவான். பெரியவள் சோற்றை மூடி வைத்திருப்பாள். நான்தானே போகச் சொன்னேன் என்று ஒரே ஒரு தடவை தங்கையிடம் சொன்னாள்.  

ஒரு நாள் அவன் வந்தபோது சின்னவள் சாப்பிடாமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தட்டும் வைத்திருந்தது. அவன் வாசலிலேயே தயங்கினான். நீ சாப்பிடு, நான் குளித்துவிட்டு வருகிறேன் என்றான். குளித்துவிட்டு வந்தும் அவள் அப்படியே இருந்தாள். வேறு வழியில்லாமல் எதிரே உட்கார்ந்தான். அவள் இடது கையால் அவனுக்குச் சோறு போட்டாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவன் அதைப் பொறுக்கித் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டான்.

“மாமா, எதுக்கு என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போறீங்க? எனக்கு உங்க மேல கோபம் இல்லை.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“கோபப்படு பாப்பா. நாலு வார்த்தை திட்டு. எனக்கு அது போதும்.”

“பட்டுப் பார்த்தேன் மாமா. வரமாட்டேங்குது. அக்கா மேலயும் வரலை. அந்த மேனேஜர் மேலகூட இப்ப வரமாட்டேங்குது.” கொஞ்சம் நிறுத்தி, “எதுவுமே வரலை” என்றாள்.

பக்கத்து அறையில் பெரியவளின் கத்தரிக்கோல் நின்றது. அவன் தலை நிமிர்ந்து, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தது போதும் என்பதுபோலக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். வேகமாக, மென்றும் மெல்லாமலும் விழுங்கினான். மூட்டை தூக்குகிறவர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள்.

“மெதுவா சாப்பிடுங்க மாமா” என்றாள் அவள்.